இலவம்பஞ்சு வியாபாரி வௌவால் பார்க்கப் போன கதை

நாள் 1: சான் ஹோசே – சரப்பிக்கி

பொங்கல் வைத்த கையோடு கிளம்பியவன். மதுரை, சென்னை, அப்புறம் மூன்று விமானம். கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயில் இறங்கும்போது அன்றைக்கு என்ன கிழமை என்பதே மறந்துபோயிருந்தது. வாசலில் மகள் நின்றிருந்தாள். ஆறு மாதமாக இங்கே மழைக்காட்டில் படிக்கிறாள். என்ன படிப்பு என்று ஊரில் கேட்கிறவர்களிடம் “வௌவால்” என்று சொல்லிச் சொல்லி எனக்கே கூச்சம் விட்டுப்போச்சு.

என்னைப் பற்றி ஒரு வரி. போடிநாயக்கனூரில் முப்பத்தோரு வருஷம் இலவம்பஞ்சு வியாபாரம். காய் வாங்கி, உடைத்து, கொட்டை நீக்கி, மெத்தை தலையணை தைத்துக் கொடுக்கிற கடை. இப்போது தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்குப் பன்னிரண்டு வருஷமாக சுகர். பயணக் கட்டுரையில் அது எதற்கு என்று தோன்றலாம். மூன்றாம் நாள் விளங்கும்.

பஸ் நகரத்தை விட்டதும் மலை ஏறியது. பிரவுலியோ கரியோ தேசியப் பூங்காவைக் கிழித்துக்கொண்டு போகிற சாலை. பனிமூட்டம், வளைவுக்கு வளைவு அருவி, பக்கத்தில் உரசிக்கொண்டு போகும் கண்டெய்னர் லாரி. போடிமெட்டு ஏறுகிற மாதிரியே இருந்தது. வித்தியாசம், உச்சியில் ஏலக்காய் வாசனை வரவில்லை. இறங்கினால் அந்தப் பக்கம் புழுக்கமான சமவெளி, வாழை, அன்னாசி. சரப்பிக்கி வட்டாரத்தில் புவெர்த்தோ வியெஹோ என்ற சின்ன ஊரில் இறங்கினோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெயர் காசாதோ. சோறு, கறுப்பு பீன்ஸ், கோஸ் துருவல், ஒரு துண்டு கோழி, கூடவே எண்ணெயில் பொரித்த பழுத்த வாழை. அந்தப் பழத்தை மகள் என் தட்டிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள். எடுத்தும் பிரயோஜனமில்லை. படுக்குமுன் விரலைக் குத்திப் பார்த்தேன், 214.

“நாளைக்கு உங்க மரத்தைக் காட்டுறேன்ப்பா” என்றாள்.

“என் மரமா?”

“இலவ மரத்துக்குச் சொந்த ஊரு இந்தப் பக்கந்தான். தெரியாதா?”

முப்பத்தோரு வருஷம் அதை விற்றுச் சாப்பிட்டவனுக்குத் தெரியாது.

நாள் 2: லா செல்வா

ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில் லா செல்வா ஆய்வு நிலையம். 1954-ல் லெஸ்லி ஹோல்ட்ரிட்ஜ் என்ற தாவரவியலாளர் தொடங்கிய பண்ணை, 1968-ல் வெப்பமண்டல ஆய்வுக் கூட்டமைப்பின் கைக்கு வந்தது. சுமார் 1,600 ஹெக்டேர் காடு. வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டர் மழை. எங்கள் ஊரில் நாலைந்து வருஷம் பெய்கிற மழை இங்கே ஒரே வருஷத்தில். தொங்குபாலத்தைத் தாண்டிப் போனால் காட்டுப்பன்றி ஜாடையில் பெக்காரிகள் ஆளைப் பார்த்து மிரளாமல் கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கின்றன. நாற்றம் மட்டும் தாங்காது. நடைபாதைக் கைப்பிடியில் கை வைக்காதே என்று மகள் பத்து தடவை சொன்னாள். புல்லட் எறும்பு ஊருமாம். கடித்தால் ஒரு நாள் முழுக்க வலிக்குமாம். வைக்கவில்லை.

மரத்தைப் பார்த்தோம். ஆற்றங்கரையில் அடியில் பலகை பலகையாக விரிந்த வேர்கள், ஒவ்வொன்றும் என் தலைக்கு மேல். நிமிர்ந்து பார்த்தால் மற்ற மரங்களெல்லாம் முடிந்த பிறகுதான் இதற்குக் கிளையே பிரிகிறது. எங்கள் தோட்டங்களில் நட்டு வளர்க்கும் அதே இலவு. ஆனால் கோவில் யானையைப் பார்த்துப் பழகியவன் காட்டில் கொம்பனைப் பார்த்த கதை.

பூ இல்லை. பெரிய மரம் வருஷா வருஷம் பூப்பதில்லை என்று மகள் சொன்னாள். எத்தனையோ ஆயிரம் மைல் வந்தும் இலவு காத்த கிளிதான். ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பழமொழியில் வரும் இலவு நம் காட்டுச் சிவப்புப் பூ இலவாகக்கூட இருக்கலாம். மெத்தைக்குள் போவது பெரும்பாலும் இந்த வெள்ளைப் பூக்காரன்.

“சாயங்காலம் பூ விரியும். வெளிறுன நிறம், ராத்திரியில தெரியுற மாதிரி. கொத்துக் கொத்தா, கிளைக்கு வெளியே, இறக்கை தட்டாம வந்துபோக வசதியா. நிறையத் தேன். இதெல்லாம் யாருக்காக வச்சிருக்கு?”

“வௌவாலுக்கா?”

“போடியிலயும் அதுதான் வரும்ப்பா. மதுரை காமராசர் யுனிவர்சிட்டிக்காரங்க 2005-லயே இதைப் பத்தி எழுதிட்டாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இலவு பூக்கும் காலத்தில் ராத்திரி மரத்தில் ஒரே கலாட்டாவாக இருக்கும். வௌவால் பூவைத் தின்று அழிக்கிறது என்று பட்டாசு வைத்து விரட்டிய குத்தகைக்காரர்களை எனக்குத் தெரியும். நானே ஒரு வருஷம் பட்டாசுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். காய் குறைந்தால் நஷ்டம் என்று, காய் பிடிக்க மகரந்தம் சுமந்தவனையே விரட்டினோம்.

சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டுகிறது. ஒரு மரத்திலிருந்து நீளக் கயிறு மாதிரித் தொங்கிய காம்பின் நுனியில் பச்சையும் மஞ்சளும் கலந்த அவரைப்பூக் கொத்து. பூக்காலம் முடிகிற தறுவாய், ஒரே கொத்துதான் மிச்சம். பெயர் முக்குனா ஹோல்டோனி. நம் பூனைக்காலிக்கு உறவு. தொட்டால் அரிக்குமோ என்று யோசித்தேன்.

மகள் டார்ச்சைச் சிவப்பாக்கி ஒரு பூவைக் காட்டினாள். அவரைப்பூவின் மேலிதழ் நிமிர்ந்து நிற்கிறது. உட்பக்கம் கரண்டிக் குழி போல் ஒரு குழிவு. வௌவால் போடும் சத்தம் அந்தக் குழியில் பட்டு, வந்த திசைக்கே திரும்பிப் போகும். முகம் பார்க்கும் கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்புகிற மாதிரி, இது சத்தத்துக்கு. ஜெர்மனியின் ஹெல்வெர்சன் தம்பதி இதே லா செல்வாவில் கண்டுபிடித்து 1999-ல் எழுதினார்கள். குழிக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து அடைத்தால் வௌவாலுக்குப் பூ தட்டுப்படுவது வெகுவாகக் குறைந்துபோனதாம். பஞ்சு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மகளுக்குச் சொல்ல இன்னும் இருந்தது. இந்தப் பூவின் அடியிதழ் விசை வைத்த மாதிரி. கன்னிப் பூவில் வௌவால் மூக்கை நுழைத்து அழுத்தியதும் வெடித்துத் திறந்து, மகரந்தத்தை அதன் பின்பக்கத்தில் வீசி அடிக்கும். தேன் அதிகம் கிடைப்பது முதல் ஆளுக்குத்தான். வெடித்த பூவில் கொஞ்சம்தான் ஊறும். கியூபாவில் ஒரு கொடி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. பூக்கொத்துக்கு மேல் கிண்ணம் போல் வளைந்த ஓர் இலையை வளர்த்து, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே மாதிரி எதிரொலி கொடுக்கிறது. 2011-ல் சோதித்தபோது, அந்த இலை இருந்தால் தேடும் நேரம் பாதியானது.

மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகத்துக்கு முன்னால் காற்று அசைந்தது. கொத்து லேசாக ஆடியது. “வந்துட்டுப் போயிருச்சு” என்றாள் மகள். ஒரு நொடிகூட நிற்காதாம். கொசுக் கடிக்கு மருந்து தடவுவதிலேயே எனக்கு அதைவிடக் கூடுதல் நேரம் போனது.

நாள் 3: வலை

இன்றைக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

லா விர்ஹென் பக்கம் திரிம்பினா என்று ஒரு காட்டு மையம். ராத்திரி வௌவால் பிடித்துக் காட்டி, விளக்கி, விட்டுவிடுவார்கள். முடிமாதிரி சன்னமான நைலான் வலை. பாதையின் குறுக்கே கட்டி அரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறார்கள். மீன் வலையில் கெண்டை சிக்குகிற மாதிரி சிக்கியிருக்கும். வழிகாட்டிப் பெண் தோல் கையுறை போட்டுக்கொண்டு சிக்கெடுத்த நேர்த்தியைப் பார்த்து, எங்கள் கடையில் நூல் சிக்கெடுக்கும் அக்காக்கள் ஞாபகம் வந்தார்கள்.

முதலில் ஒரு பழந்தின்னி. மூக்கின் நுனியில் ஈட்டி மாதிரி ஒரு தோல் மடல். வலையிலிருந்து எடுக்கும் வரை கடித்துக்கொண்டே இருந்தது. அடுத்து வந்தது, நான் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. பத்து கிராம் எடை இருக்கும். இரண்டு ஐந்து ரூபாய்க் காசுக்கும் குறைவு. மூஞ்சி நீண்டு சுண்டெலி மாதிரி. மூக்கில் அதே மடல் சின்னதாக. கன்னமெல்லாம் மஞ்சள் பொடி பூசிய மாதிரி மகரந்தம். குளோசோஃபேகா. இந்தக் காட்டில் தேன் குடிக்கும் வௌவால்களில் அதிகம் தட்டுப்படுவது.

அந்தப் பெண் ஒரு சொட்டுக் குழாயில் சர்க்கரைத் தண்ணீரை எடுத்து முகத்துக்கு எட்டிப்பிடித்தாள். நாக்கு வந்தது. வந்துகொண்டே இருந்தது. இளஞ்சிவப்பு நூல் மாதிரி, தலையின் நீளத்தையும் தாண்டி. நுனியில் மயிர் மாதிரி எதுவோ சிலிர்த்து நின்றது, மறுபடி படிந்தது. டார்ச் வெளிச்சத்தில் அந்த நுனி சிவந்தது என் கண்ணுக்கே தெரிந்தது.

அது ரத்தம். 2013-ல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் வேகக் கேமரா வைத்துப் படம் பிடித்தார்கள். நாக்கை நீட்டும் தசை சுருங்கும்போதே ரத்தம் நுனிக்குத் தள்ளப்பட்டு அந்த மயிர்களெல்லாம் விறைத்து நிற்கின்றன. இரண்டு மயிருக்கு நடுவில் தேன் ஒட்டிக்கொண்டு வருகிறது. காய்ந்த துடைப்பத்தை விரித்துத் தண்ணீரில் முக்கி எடுத்தால் எவ்வளவு தண்ணீர் வரும், அந்தக் கணக்கு. இத்தனையும் அந்தரத்தில் நின்றபடி, கண் இமைக்கும் நேரத்துக்குள்.

“எல்லாத் தேன் வௌவாலும் இப்படியா?” என்று கேட்டேன். மகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல கேள்வி கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

அமெரிக்கக் கண்டத்து இலைமூக்கு வௌவால்கள் ஒரே குடும்பம், 200-க்கு மேல் இனங்கள். ஆதியில் பூச்சி தின்ற ஒரு பாட்டனின் வம்சம்தான் எல்லாம். அதில் ஒருவன் பழத்துக்குப் போனான், ஒருவன் தவளைக்கு, ஒருவன் ரத்தத்துக்கு. தேனுக்கும் போனார்கள், ஆனால் ஒருவனல்ல. இந்தக் குளோசோஃபேகா கூட்டம் ஒன்று. லோங்கோஃபில்லா கூட்டம் இன்னொன்று. அதுவும் இதே காட்டில் இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் அதே நீண்ட மூஞ்சி, அதே நீண்ட நாக்கு. நாக்கை உற்றுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். லோங்கோஃபில்லாவுக்கு நாக்கு நுனியில் துடைப்பம் கிடையாது. ஓரத்தில் நீளவாக்கில் வாய்க்கால். நாக்கைத் தேனில் வைத்தபடியே வைத்திருக்கும்; தேன் வாய்க்கால் வழியாக மேலேறி வாய்க்குப் போகும். 2015-ல்தான் இதை எழுதினார்கள். சகோதரர்கள் சேர்ந்து ஒரு கடையிலிருந்து பிரிந்திருந்தால் தராசும் படிக்கல்லும் ஒன்றாக இருக்கும். இங்கே தராசே வேறு. இரண்டு பேரும் தனித்தனியாகக் கடை போட்டிருக்கிறார்கள் என்றுதான் பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் தேனுக்குத் தாவியிருக்கவும் மாட்டார்கள். கொலம்பியாவின் லா வென்டா என்ற இடத்தில் 1.2 – 1.3 கோடி வருஷத்துக்கு முந்தைய சில பற்கள் கிடைத்தன. தேன் வௌவால் சாடை. பெயர் பாலினெஃபில்லம். பல்லின் அளவை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், அது கிடைத்ததையெல்லாம் தின்றிருக்கும் என்றார்கள். கொஞ்சம் பூச்சி, கொஞ்சம் பூ. பூவில் மொய்த்த பூச்சிக்கு வந்தவன் தேன் ருசி கண்டுவிட்டான் என்று நானாக ஒரு கதை கட்டினேன். “அப்படியும் இருந்திருக்கலாம்ப்பா” என்று மகள் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள்.

இப்போது சுகர் விஷயம்.

நாக்கு மட்டும் நீண்டால் போதாது, குடலும் மாற வேண்டும். பூச்சி உடம்பில் இருக்கிற சர்க்கரை ஒரு தினுசு, டிரெஹலோஸ். அதைச் செரிக்கும் நொதி பூச்சி தின்னிகளுக்கு ஏராளம். தேனுக்கு வந்தவர்களிடம் அது வற்றி, பூந்தேனின் சர்க்கரையை உடைக்கும் சுக்ரேஸ் பெருகியிருக்கிறது. சிறுநீரகமும் மாறியது. தேன் என்றால் பெரும்பகுதி தண்ணீர். ராத்திரிக்குத் தன் எடையைவிடக் கூடுதலாகக் குடிக்கிற ஜீவன் மூத்திரத்தைச் சுண்டவைத்து என்ன செய்யப்போகிறது? அந்தத் திறமை குறைந்துபோயிற்று. “அடிக்கடி போகும்” என்றாள் மகள். நானும் அடிக்கடிதான் போகிறேன் என்று சொல்லவில்லை.

2024-ல் வந்த ஓர் ஆய்வு. காட்டில் பிடித்த வௌவால்களுக்கு ஒரு வாய் சர்க்கரை கொடுத்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைப் பார்த்தார்கள். தேனும் பழமும் தின்பவற்றில் சிலதுக்கு 750-ஐத் தாண்டியது. எழுநூற்று ஐம்பது! என் டாக்டர் 214-க்கே மாத்திரையை மாற்றி எழுதுகிறவர். 750 என்று கேட்டால் ஆம்புலன்ஸ் வரும்.

இந்த அரைத் தீக்குச்சிக் கால் பிராணிக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. குடித்த சர்க்கரையை நேரே இறக்கைத் தசைக்கு அனுப்பிப் பறந்தபடியே எரித்துவிடுகிறது. கொழுப்பாகச் சேர்த்து வைத்துச் செலவழிப்பதெல்லாம் பிறகு. 2011-ல் இன்னொரு குழு, இதே குளோசோஃபேகாவை வைத்துப் பார்த்தது: எவ்வளவு நேரம் பறக்கிறதோ அவ்வளவுக்கு ரத்தச் சர்க்கரை குறைவு. சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் ஏறுகிறது.

“டாக்டர் நடக்கச் சொன்னா நடக்கணும்ப்பா” என்றாள், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களுக்குப் புரியாத தைரியத்தில்.

கையை விரித்ததும் அது உள்ளங்கையில் இரண்டு நொடி யோசித்தது. போய்விட்டது. கையுறையில் மஞ்சள் பொடி மட்டும் ஒட்டியிருந்தது.

நாள் 4: வாழைத் தோட்டம்

காலையில் வாழை பார்க்கப் போனோம். சரப்பிக்கி முழுக்க வாழைதான், எல்லாம் ஏற்றுமதிக்கு. தார் ஒவ்வொன்றுக்கும் நீலப் பாலித்தீன் பை. வெட்டிய தாரைச் சுமப்பதில்லை. தோட்டத்துக்குள் இரும்புக் கம்பித் தடம் ஓடுகிறது. அதில் கொக்கி மாட்டி ரயில் மாதிரி இழுத்துப் போகிறார்கள். ரகத்தைக் கேட்டால் கேவண்டிஷ், நம்ம ஜி-9-க்குச் சொந்தம். சின்னமனூர்க்காரனுக்கு இங்கே ஒரு நாளில் வேலை கிடைத்துவிடும்.

பை போடாத ஓர் இளந்தாரின் அடியில் பூ தொங்கியது. மடல் ஒன்று நிமிர்ந்து, அடியில் வரிசைப் பூ. விரலால் அழுத்தினால் பிசுபிசு. சின்ன வயதில் உறிஞ்சியதுதான்.

“இதுக்கும் வௌவால் வருமா?”

“இங்கயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்கப்பா.”

2021-ல் வந்தது. வாழைத் தோட்டங்களில் தேன் குடிக்கும் குளோசோஃபேகா, காட்டில் இருப்பதைவிடக் கொழுத்திருக்கிறது. ஆனால் மருந்தடிக்கும் தோட்டத்து வௌவால்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் குறைவு. காட்டிலும், இயற்கை முறைத் தோட்டத்திலும் இருப்பவற்றுக்கு அது நிறைய. தினம் பரோட்டாவாகவே தின்றால் உடம்பு போடும், வயிறு கெடும். வேறு என்ன?

எனக்கு ஓடியது வேறு யோசனை. வாழைக்கு ஊர் தென்கிழக்கு ஆசியா. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் இந்தக் கண்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். காட்டு வாழை தொங்கும் பூவையும் ராத்திரித் தேனையும் யாருக்காக வைத்திருந்தது? ஆசியாவின் வௌவால்களுக்கு. இலவமோ இந்தப் பக்கத்து வௌவால்களுக்காகப் பூத்தது; போடியில் நம் வௌவால் குடிக்கிறது. கொண்டான் கொடுத்தான் மாதிரி, அவன் மரத்துத் தேன் நமக்கு, நம் மரத்துத் தேன் அவனுக்கு. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. ஆனாலும் சாப்பாடு ஒத்துப்போகிறது, பார்த்தீர்களா?

மகளிடம் சொன்னேன். நிலத்தில் குச்சியால் கோடு போட்டு விளக்கினாள். ஆசிய, ஆப்பிரிக்கத் தேன் வௌவால்கள் அந்தப் பக்கத்துப் பழந்தின்னிக் குடும்பத்திலிருந்து வந்தவை. அங்கேயும் ஒரு தடவைக்கு மேல் தேனுக்குத் திரும்பியிருக்கிறார்கள். மலேசியாவில் பத்துமலை முருகனைக் கும்பிடப் படியேறுகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றின் குகைகளில் இயோனிக்டெரிஸ் என்ற தேன் வௌவால் அடைகிறது. ராத்திரி வெளியே போய் டுரியான் பூவிலும், பெத்தாய் என்ற மரத்தின் பூவிலும், கடலோரச் சதுப்புக்காட்டுப் பூவிலும் குடித்துவிட்டு விடியுமுன் திரும்புகிறது. டுரியான் பழம் தின்று வாய் மணக்கிறவர்கள் அதற்கு ஒரு கும்பிடு கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. இந்த ஊர் ஆள் கத்தி எதிரொலி கேட்டு, அந்தரத்தில் நின்று, நொடியில் குடித்துவிட்டுப் போகிறவன். நம் பக்கத்து ஆட்களுக்குத் தொண்டையால் கத்தி எதிரொலி கேட்கும் வித்தை கிடையாது. பெரிய கண்ணும் மோப்பமும்தான். பூவின் மேலேயே வந்து விழுந்து, கட்டைவிரல் நகத்தால் பிடித்துக்கொண்டு, நிதானமாகக் குடிக்கும். போடியில் ராத்திரி நான் கேட்ட கலாட்டா அதுதான். சத்தத்துக்குக் கண்ணாடி வைத்த பூ நம் ஊரில் ஏன் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. காட்டினாலும் பார்க்க ஆள் இல்லையே.

நாள் 5: மழை, படகு, பேச்சு

சரப்பிக்கியிலிருந்து மோன்தேவெர்தே போக முழு நாள். லா ஃபோர்ச்சுனா வரை வண்டி, அரெனல் ஏரியைப் படகில் தாண்டி, மறுபடி வண்டி. எரிமலையைப் பார்க்கலாம் என்றார்கள். மேகத்தைப் பார்த்தேன். பஸ் டிக்கெட்டில் என் பெயரை வேறு எப்படியோ எழுதி, ஏற்றமாட்டேன் என்று பத்து நிமிஷம் தகராறு. விட்டுத்தள்ளுங்கள்.

படகில் ஒரு சந்தேகம் கேட்டேன். வௌவால் பூவின் தேனை நேற்று நக்கிப் பார்த்தபோது இனிப்பே போதவில்லை. சராசரி 20 சதத்துக்கும் குறைவுதான் சர்க்கரை என்கிறாள். குடிக்கிறவனுக்கு இனிப்பு பிடிக்கும். தேன் தண்ணியாக இருக்கிறது. எந்த வியாபாரத்தில் இது நடக்கும்?

லா செல்வா காட்டிலேயே இதற்கு ஒரு சோதனை. 2017-ல் வெளியானது. கம்ப்யூட்டர் பூக்கள், காட்டு வௌவால்கள். எந்தப் பூவுக்கு அதிகம் வருகிறதோ அந்தப் பூவின் ‘விதை’ அடுத்த தலைமுறையில் அதிகம். சர்க்கரை எவ்வளவு என்பது அந்த விதையில் எழுதியிருக்கும். பல தலைமுறை ஓட்டிப் பார்த்தால் தேன் தண்ணியாகத்தான் போய் நின்றது. காரணம் வௌவாலின் மூளை. பத்துக்கும் இருபதுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் அவ்வளவாகத் தெரிவதில்லை.

இதை மகள் அரை மணி நேரம் விளக்கினாள். எனக்கு அரை நிமிஷத்தில் பிடிபட்டது. மூன்றாம் தரப் பஞ்சுக்கும் இரண்டாம் தரத்துக்கும் வித்தியாசம் எந்த வாடிக்கையாளருக்கும் கை வைத்ததும் தெரியும். முதல் தரத்துக்கும் அதற்கு மேலான தரத்துக்கும் கடைக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். தெரியாத தரத்துக்கு எவன் கூடுதல் காசு போடுவான்? செடியும் போடவில்லை.

நாள் 6: மோன்தேவெர்தே

குளிர். காற்று ஆளைத் தள்ளுகிறது. 1951-ல் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பால்பண்ணை வைத்த மலை. இப்போது மேகக்காடு பார்க்க வருகிறவர்களால் பிழைக்கிறது.

தங்கிய வீட்டுத் தாழ்வாரத்தில் தேன்சிட்டு மாதிரியான ஓசனிச்சிட்டுகளுக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் கூஜாவில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கும். வீட்டம்மா தினமும் காலையில் நிரப்புகிறார். பகலில் பாதிதான் குறையும், விடிந்தால் காலி. “முர்சியேலகோஸ்” என்று கையை இறக்கை மாதிரி ஆட்டிக் காட்டினார். வௌவால்.

ராத்திரி ஏழு மணிக்குத் தாழ்வார விளக்கை அணைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். லா செல்வாவில் மூன்று மணி நேரத்தில் ஒரு தடவை வந்ததற்கு, இங்கே பத்து நிமிஷத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. காதோரம் மெல்லிய துணி உதறுகிற மாதிரி காற்று. கூஜா முன்னால் ஒரு நிழல் நின்று, இல்லாமல் போகிறது. அடுத்தது. அடுத்தது. ஒரு தடவை இறக்கை நுனி என் காதில் பட்டது. பட்டது என்று சொல்வதுகூட அதிகம்.

அனூரா என்ற சாதி என்றாள் மகள். இதற்குக் கீழ்வரிசையில் முன்பற்களே கிடையாது, நாக்கு போய்வர வழி விட்டிருக்கிறது. இதன் பங்காளி ஒருவன் எக்வடோர் மலைகளில் இருக்கிறான், அனூரா ஃபிஸ்டுலேட்டா. 2005-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தான். நேதன் முச்சாலா என்பவர் அளந்து பார்த்தார். நாக்கு எட்டரை சென்டிமீட்டர். உடம்பைப் போல் ஒன்றரை மடங்கு! பாலூட்டிகளில் உடம்புக்கு இவ்வளவு நீள நாக்கு வேறு எதற்கும் இல்லை. வாயில் எங்கே வைக்க முடியும்? நாக்கின் வேர் தொண்டையைத் தாண்டி, நெஞ்செலும்புக் கூட்டுக்குள் ஒரு குழாயில் சுருங்கிக் கிடக்கிறது. எறும்பு தின்னும் அழுங்குக்கும் இதே ஏற்பாடு. அந்த ஊரில் அதே நீளத்துக்குக் குழல் வைத்த ஒரு பூ இருக்கிறது, அதன் அடித்தேனை எட்ட வேறு வௌவாலால் முடியாது. பூ நீண்டதால் நாக்கு நீண்டதா, நாக்கு நீண்டதால் பூ நீண்டதா என்று கேட்டேன். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போயிருக்கும் என்றாள். மகளுக்கும் எனக்கும் நடக்கிற வாக்குவாதம் மாதிரி.

எட்டு மணிக்கு போன். போடியில் காலை ஏழரை.

“ஏங்க, மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன். காலையில 131. இங்க நல்லா நடக்குறேன்.”

“நடங்க. இங்க மொட்டை மாடியெல்லாம் இலவம்பூ. பின்பக்கத்து மரத்துல ராத்திரி பூரா வௌவா வந்து உலுப்பி விட்டுருக்கு. கூட்டி மாளல. வெட்டியாவது விடலாம்ல அந்தக் கொப்பை?”

“வெட்டாத. ஒரு பூ எடுத்து மோந்து பாரு.”

“காலங்காத்தால பூவ மோந்து பாக்கச் சொல்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்” என்று வைத்துவிட்டாள்.

பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

“புளிச்ச பால் வாடை அடிக்குதுங்க. இத்தனை வருஷமா கவனிச்சதே இல்ல.”